பெண் பார்க்க வந்த பைலட்

"மாப்பிள்ளை பைலட்டாம்" என்று பெண்ணின் அப்பா, பல்லடம் மளிகைக்கடைப் பொன்னுச்சாமி, தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ட்ரோன் பைலட் என்பதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

பெண் பார்க்கும் நாளில் பெண் வீட்டுக்கே ட்ரோனில் மைசூர்பாகு கொண்டுபோகும் ஆர்டர் வந்ததும் மாப்பிள்ளை இளமாறனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உத்தியோகத்தை நேரிலேயே காட்டிவிடலாம்! பறக்கும் ட்ரோனிலிருந்து பைலட் கண்ணை எடுக்கக் கூடாது, வண்டியிலும் ஏறக் கூடாது என்பது சட்டம். மீறினால் லைசென்ஸ் போய்விடும். ஆகவே தங்கப்பட்டை வைத்த சீருடையோடு, அண்ணாந்தபடியே மூன்று கிலோமீட்டர் ஓடி வந்து சேர்ந்தான்.

ட்ரோன் வாசலுக்கு மேலே நின்று கயிற்றில் பெட்டியை இறக்கியது.

"கையிலயே கொண்டாந்திருக்கலாமேங்க?" என்றாள் மணப்பெண் யாழினி, தண்ணீரை நீட்டியபடி.

"அது டெலிவரி வேலைங்க. நான் பைலட்" என்றான் வானத்திடம்.

"பொண்ணப் பாருங்க மாப்ள!" என்றார் பொன்னுச்சாமி.

"ட்ரோன் தரையிறங்கட்டுங்க மாமா."

அதற்குள் அடுத்த ஆர்டர் வந்து ட்ரோன் கிளம்பிவிட, அவனும் அதன் பின்னாலேயே ஓடினான்.

"பாத்தியா கண்ணு, கடமைன்னா இதுதான்!" பொன்னுச்சாமி பூரித்துப்போனார்.

"நான் நல்லாவே பாத்துட்டேனுங்கப்பா. வேற இடம் பாருங்க" என்றாள் யாழினி.