திறக்காத படம்

எழுந்து பால் காய்ச்சினேன், குளித்தேன், எட்டே முக்கால் பேருந்தில் அலுவலகம் வந்தேன். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்து என் மனைவி சுகிர்தா இறந்து நாற்பது நாளாகிறது. இறந்த அன்று முற்பகலில் அவள் தன் கைபேசியிலிருந்து மின்னஞ்சலில் ஒரு படம் அனுப்பினாள். என் கணினியில் அது திறக்கவில்லை. மொட்டைமாடிச் செடி ஏதாவது பூத்திருக்கும் என்று நினைத்து, "பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு" என்று பதில் போட்டேன். இன்று கணினிப் பிரிவு ஜெயசீலனிடம் காட்டினேன். "படம் கெடல சார். அவங்க போன் எடுக்கிற பட வகை உங்க சிஸ்டத்துல திறக்காது. அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷ வேலை." மாற்றிக் கொடுத்தார். படத்தில் அவளுடைய இடது கால் முழங்கால்வரை வீங்கிச் சிவந்திருந்தது. அன்று என் பதிலைப் படித்ததும் போன் செய்து, "நீங்களே பாத்துச் சொல்லிட்டீங்க, எனக்கு அது போதும்" என்றாள்.