திரும்பிப் பார்க்காமல்

திரும்பிப் பார்க்காமல் வீடு போய்ச் சேர்வதற்கு அன்றைய சந்தை நிலவரம், ஆளுயரக் கண்ணாடி ஏழு.

கேட்டவள் கண்ணாடிக் கடையில் துடைக்கிற பெண். தெரு அவளுக்கு வைத்த பெயர் பளிச்சு. கொடுத்தவள் அந்தக் கடையின் முதலாளியம்மா. வருகிறவனின் செருப்பைப் பார்த்தே அவன் பையில் இருப்பதைச் சொல்லிவிடுவாள். தள்ளுபடி என்ற சொல் மட்டும் அவள் காதில் விழாது. அப்பேர்ப்பட்டவள் ஏழு கண்ணாடியைச் சும்மா இரவல் கொடுத்ததில் தெருவே மூக்கில் விரல் வைத்தது.

வேலை முடிந்து கிளம்பினால் பளிச்சுவின் பின்னால் ஒருவன் வருகிறான். வேறு சந்தில் போனால் அந்தச் சந்திலும் வந்தான். நேரத்தை மாற்றினால், அதுவும் அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. நேற்று மாடிப்படி ஏறி, அவள் வீட்டுக் கதவைத் தடவிவிட்டுப் போனான்.

இதை மதியம் சொன்னாள். மீதியைச் சொல்லாமல் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டாள்.

எந்தச் சரக்குக்கும் பூர்வீகம் விசாரிக்கிற முதலாளியம்மா, அவன் யார் என்று கேட்கவே இல்லை. கல்லாப்பெட்டியைச் சாத்தினாள். பிறகு, ஒருத்தி போய்ச் சொன்னால் கேட்கிறவன் பேரம் பேசிப் பாதியாக்குவான், தெருவே கண்ணால் பார்த்துச் சொன்னால் அது நிலவரம் என்றாள். கடைக்கொரு கண்ணாடியை வாசலில் சாய்த்து வைக்கச் சொல்லி அனுப்பினாள்.

"நீ திரும்பிப் பாக்காத. பாக்குற வேலைய நாங்க பாத்துக்குறோம்."

அந்தி சாய்ந்தது. மழை விட்டிருந்தது. பளிச்சு நடந்தாள்.

தெருவில் ஏழு இடத்தில் வானம் இறங்கி நின்றது. ஒரு கண்ணாடியை விட்ட மேகம் அடுத்த கண்ணாடியில் ஏறிக்கொண்டது. பக்கத்திலேயே அவளும் நடந்தாள். ஒருத்தி விடைபெற்றால் இன்னொருத்தி வந்து சேர்ந்துகொண்டாள். கால் தரையில் பாவுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது.

மருந்துக்கடை அண்ணன் மாத்திரை எண்ணுகிற சாக்கில் கண்ணாடியைப் பார்த்தார். தையல்காரர் ஊசியில் நூல் கோத்தார். கையில் நூலும் இல்லை, ஊசியும் இல்லை. நடிப்பு வராத பழக்கடை அக்கா நேராகவே முறைத்தாள். பிறகு அவள் முகம் வெளுத்தது. தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

எல்லார் கண்ணாடியிலும் அவன் வந்தான். தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல், தூக்கத்தில் நடப்பவனைப் போல.

கண்ணாடிக் கடையில் புழங்கியவர்கள் கண்ணாடியில் முகம் பார்ப்பதில்லை, கீறல்தான் பார்ப்பார்கள். அழுக்கு தெரிந்தால் கை தானாகப் போகும். பளிச்சு தன் கையை இறுகக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

பின்னால் வந்தவன் பூட்டுக்கடைக் கண்ணாடி முன் நின்றான். அதில் தன்னைப் பார்க்கவில்லை. தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரையும் பார்க்கவில்லை. ஓரத்தில் இருந்த விரல் கறையைச் சட்டைக் கையால் துடைத்தான். தலையைச் சாய்த்து, வெளிச்சத்தில் சரிபார்த்துவிட்டு நடந்தான்.

கடைசிக் கண்ணாடி பேருந்து நிறுத்தத்தில் இருந்தது. பக்கத்தில் முக்காலி போட்டு முதலாளியம்மா உட்கார்ந்திருந்தாள். பளிச்சு போய் அவள் தோளை ஒட்டி நின்றாள்.

அவன் வந்து நின்றான். கண்ணாடியில் மூன்று பேர் தெரிந்தார்கள். இரண்டு பேருக்கு ஒரே மூக்கு.

முதலாளியம்மா உள்ளங்கையை நீட்டினாள்.

"நம்ம வீட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போடா."

சிரித்து மழுப்பினான். சும்மா வேடிக்கைக்கு என்றான். பளிச்சுதான் இடம் கொடுத்தாள் என்றான். கடைசியில், அம்மா என்றான். கை நீட்டியபடியே இருந்தது. பேரத்தில் ஒரு காசுகூட இறங்கவில்லை. அவன் திரும்பினான். தெரு முழுக்கக் கடைக்காரர்கள் நின்றார்கள், அவர்களோடு ஒரு காவலரும். அவரை முதலாளியம்மா மதியமே வரச் சொல்லியிருந்தாள்.

பளிச்சுவின் நேரம் மாறும்போதெல்லாம், இன்றைக்கு அந்தப் பெண் சீக்கிரம் போகிறாள், நாளைக்குத் தாமதமாகப் போவாள் என்று சாப்பாட்டு மேஜையில் ஊர்க்கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் முதலாளியம்மாதான். எதிரே உட்கார்ந்து கேட்டவன் அவன் ஒருவன்தான்.

சாவி அவள் உள்ளங்கையில் விழுந்தது. அவனை அழைத்துப் போனார்கள். கண்ணாடியில் வானம் மட்டும் மிஞ்சியது.

கடை அடைக்கும்போது அன்றைய கணக்கை வாய்விட்டுச் சொல்வது முதலாளியம்மாவின் வழக்கம். முக்காலியை விட்டு எழாமல், யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

வரவு, சாவி ஒன்று. செலவு, பிள்ளை ஒன்று. பளிச்சுவுக்குத் தர வேண்டிய பாக்கி, இன்னும் விலை போடவில்லை.