மாப்பிள்ளையின் தொடை

"மாப்பிள்ளைக்குத் தோல் சுட்டுதா இல்லையா? அதை மொதல்ல சொல்லும்மா!"

பெரிய டாக்டர் இப்படிக் கேட்பது இன்றைக்கு எத்தனையாவது தடவையோ! பொறியாளருக்கு எரிச்சல் தலைக்கேறியது. மாப்பிள்ளை என்பது வேறு யாருமில்லை, மனிதத் தொடைக்குப் பதிலாகச் சோதனைக்கு மேஜை மேல் கிடந்த ஜெல்லித் தொடைதான். ஏசி அறையில் சொகுசாகப் படுத்துக்கிடப்பதைத் தவிர ஒரு வேலையும் செய்யாததால் டெக்னீஷியன் வைத்த பெயர். அதைச் சுற்றி வளையமாக, ரேடியோ அலையால் புற்றுநோய்க் கட்டியைச் சூடாக்கி அழிக்கும் மெஷினின் ஆன்டெனாக்கள்.

"தோல் சுடலை டாக்டர். உள்ளே வெச்ச மாதிரிக் கட்டி மட்டும்தான் சூடாச்சு."

"அதெப்படி? அலை தோலைத் தாண்டித்தானே உள்ளே போகணும்?"

"ஒவ்வொரு ஆன்டெனாவும் தோலைச் சுடாத அளவு துளியூண்டு அலைதான் அனுப்புது. கட்டிக்குத் தள்ளி இருக்கிறதோட அலை முன்னாடி கிளம்பும், கிட்ட இருக்கிறதோடது பின்னாடி கிளம்பும். எல்லாம் ஒரே நேரத்துல ஒண்ணு சேர்ற இடம் கட்டிதான்."

"ரேடியோ டவர்லயும் பல ஆன்டெனாவைச் சேர்த்து அனுப்பறது இதே கதைதானே?"

"அது ரொம்ப தூரம், திசையைக் காட்டினா போதும். இது ஒரு சாண் தூரம். அதனால புள்ளியையே குறி வைக்கலாம்."

"அடேயப்பா! சரி, நடுவுல இருமி உடம்பு அசைஞ்சா?"

"மாப்பிள்ளை இரும மாட்டார் டாக்டர்!"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். போன் வரவே, எழுந்து வராந்தாவுக்குப் போனார்.

"அக்கா, இவர் கையெழுத்து போட்டாத்தான் மெஷினை மனுஷங்களுக்கு வைக்க முடியும். இல்லேன்னா நம்ம மூணு வருஷ உழைப்பு பழைய இரும்புக் கடைக்குத்தான்" என்றான் டெக்னீஷியன். "மூட்டுவலின்னு காலைத் தாங்கித் தாங்கி தினமும் வந்து உயிரை வாங்கறார். கட்டியை மூணு சென்டிமீட்டர் ஆழத்துல வெச்சா, நாலரைதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னாரே!"

"நம்மைக் கவுக்கத்தான் இத்தனை கேள்வியும்" என்றாள் அவள். 

டாக்டர் திரும்பி வந்தார். "இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டும்மா."

ஓட்டினாள். திரையில் கட்டி மட்டும் சிவந்தது. சுற்றிலும் நீலம். டாக்டர் வாய் பிளந்து பார்த்தார். மெஷின் நின்றதும் ஜெல்லித் தொடையின் மேல் உள்ளங்கையை வைத்து, "ஜில்லுனு இருக்கே!" என்றார். கையை எடுக்கவே மனமில்லை அவருக்கு.

"அப்போ, கையெழுத்து டாக்டர்?" அனுமதித் தாளை நீட்டினாள்.

பேனாவைத் திறந்தார். ஒரு கணம் யோசித்தார். மூடி, பையில் செருகிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கம்மா. என்னால போட முடியாது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏன் டாக்டர்? இன்னும் என்னதான் குறை?"

"ஐயோ, குறையே இல்லம்மா! பக்கத்து ரூம் டாக்டரைக் கூப்பிடு, அவருக்கும் அதிகாரம் இருக்கு, போடுவார்." ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மாப்பிள்ளை பக்கத்தில் வைத்துவிட்டு, வலிக்கிற காலை மெல்ல நீட்டி உட்கார்ந்தார். "மொதல்ல படுக்கப்போற நோயாளி தனக்குத்தானே கையெழுத்து போட்டுக்கக் கூடாது பாரு. அந்த நாலரை சென்டிமீட்டர், என் தொடை ஸ்கேன்ல கட்டி இருக்கிற ஆழம்மா."