அந்தப் படகுதான்

"சார், பிடிவாதம் பிடிக்காதீங்க. அந்தப் படகு உங்களுக்குச் சரிப்பட்டு வராது" என்றாள் டீச்சர்.

"எனக்கு அந்தப் படகுதான் வேணும்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

அவள் கடலுக்கடியில் மூழ்கி நீந்தும் ஸ்கூபா சொல்லிக்கொடுப்பவள். முப்பது வயதுகூட ஆகவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருக்கு அறுபத்தொன்று. ஐந்து மாதமாக அவளிடம் படிக்கிறார். வந்த அன்றைக்கே 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தவர், எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை.

நீச்சல் குளத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் உட்கார்ந்திருந்தார்கள். கொடியில் தொங்கிய ரப்பர் உடைகள் தரையில் சொட்டிக்கொண்டிருந்தன. மேஜைமேல் இரண்டு படகுகளின் படங்கள்.

"இதைப் பாருங்க. பெரிய படகு, மூணே நாள். பவளப்பாறை ஆழமே இல்லாத இடத்துல இருக்கு. நீங்க கேக்கறது ஏழு நாள் கடல்லயே தங்கற படகு. தினம் நாலு தடவை குதிக்கணும். நீரோட்டம் வேற ஆளை இழுக்கும்."

"தண்ணி வெதுவெதுப்பா இருக்கும்னு போட்டிருக்கே?"

"வெந்நீரா இருந்தாலும் இழுக்கறது இழுக்கத்தான் செய்யும் சார்."

அவர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். "உங்க கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருக்கு. கழட்டிக் கொடுங்க."

"பேச்சை மாத்தாதீங்க."

"பேச்சை எங்க மாத்தறேன்? திருகைத்தான் முடுக்கறேன்." சட்டைப் பையிலிருந்து விரல் நீளத் திருப்புளியை எடுத்துவிட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். இந்த மனிதரிடம் கோபத்தை இழுத்துப் பிடிப்பது பெரும்பாடு. தலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாலே கண்ணை இறுக்க மூடிக்கொள்பவராக வந்து சேர்ந்தவர். மூன்றாவது வகுப்பில் பாதியிலேயே கரையேறி, படிக்கட்டில் உட்கார்ந்து வெடவெடவென்று நடுங்கினார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தாள். மறுநாள் காலை அவளுக்கு முன்னால் வாசலில் நின்றார். கையில், தன் பவருக்குத் தானே கண்ணாடி தேய்த்துப் பொருத்திய மாஸ்க்!

"நீங்க கேக்கற படகுல ஒரே ஒரு இடம்தான் பாக்கி" என்றாள். "எஞ்சினுக்குப் பக்கத்து அறை. மேல் படுக்கை. கீழ் படுக்கைக்காரர் குறட்டை விடுவார்."

"நானும் விடுவேன். சரியாப் போச்சு."

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள என் கடிதம் போகலன்னா அந்த இடமும் போயிடும். அறுபது தாண்டினவங்களை, சொல்லிக்கொடுத்தவங்க கையெழுத்து இல்லாம ஏத்த மாட்டாங்க."

"அதுக்குத்தானே காலையிலேருந்து உட்கார்ந்திருக்கேன்."

"எட்டு மாசம் கழிச்சு இன்னொரு பயணம் இருக்கு. அதுக்குள்ள நல்லா பழகிடுவீங்க."

"எட்டு மாசமெல்லாம் காத்திருக்க முடியாது டீச்சர். இப்பவே ரொம்ப நாளாயிடுச்சு." திருப்புளி ஒரு நிமிடம் நின்றது. "ஒண்ணு கேக்கணும். நடுவுல யாரும் இறங்கிப் போயிட முடியாதா?"

அப்பாடா, பயம் வந்துவிட்டது என்று நினைத்தாள் அவள். "சுத்தியும் கடல். பிடிக்கலன்னா இறங்கிப் போக அது என்ன பஸ்ஸா?"

"யாருமே முடியாதா?"

"கேப்டனே நினைச்சாலும் முடியாது."

அவர் முகம் வெளுக்கும் என்று பார்த்தாள். கண்ணாடி இல்லாத கண்ணுக்கும் அது மலர்ந்தது தெரிந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றாள். "அந்தப் படகுல தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போற கைடு ஒரு பொண்ணு. ரொம்பக் கறாராம். சிரிக்கவே மாட்டாளாம். சிலிண்டர்ல காத்து கொஞ்சம் குறைஞ்சாலும் மேலே அனுப்பிடுவாளாம்."

"கறாரா இருக்கறது நல்லதுதானே." கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே கேட்டார்: "தண்ணிக்குள்ள ஒவ்வொருத்தர்கிட்டயும் வருவாங்களா?"

"வந்துதான் ஆகணும். நேரா கண்ணைப் பார்த்து, இப்படி விரலை வளைச்சுக் காட்டி, நல்லா இருக்கீங்களான்னு கேக்கணும். நீங்க பதில் காட்டற வரைக்கும் நகரக் கூடாது."

"அவங்களுக்கு அந்த ஆளைப் பிடிக்கலன்னா?"

"பிடிச்சா என்ன, பிடிக்கலன்னா என்ன? கேக்காம விட்டா வேலை போயிடும் சார்."

அவர் மெல்லத் தலையாட்டினார். கண்ணாடியை அவள் மூக்கில் மாட்டி, இரண்டடி பின்னால் போய் நின்று சரிபார்த்தார். மங்கலாக இருந்த முகம் இப்போது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் முகம் அது.

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது, தெரியுமா? எனக்கு இருக்கறதே ஒரே ஒரு உருப்படியான மாணவர்" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

அவர் கைகூப்பினார்.

"இருங்க, இருங்க. விண்ணப்பத்துல ஒரு இடத்தைக் காலியா விட்டிருக்கீங்க. 'அவசரம் என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்?' நீங்களோ கடை மாடியில தனியா இருக்கீங்க. நான் யாரைத் தேடறது?"

அவர் சற்றுத் தயங்கிவிட்டு, பேனாவை வாங்கி 'மகள்' என்று எழுதினார். முகவரிக்கான கட்டத்தில் அந்தப் படகின் பெயரை எழுதினார்.

"ஆறு வருஷமாச்சு டீச்சர், அவ என்னைப் பார்த்து நல்லா இருக்கீங்களான்னு கேட்டு."