எலி விரட்டும் பெட்டி

"அப்பா, அந்த மெஷின் கத்துது. என்னை அம்மாகிட்டயே கொண்டுபோய் விட்டுடுங்க" என்று கண்ணை இறுக மூடிக் காதைப் பொத்திக்கொண்டாள் செரின். பிரிந்துபோன மனைவி மாதத்தில் ஒருநாள் மகளை அனுப்பிவைக்கும் ஞாயிறு அது. எலித் தொல்லைக்காக அருளப்பன் சுவர் பிளக்கில் செருகியிருந்த அந்தச் சின்னப் பெட்டியின் சத்தம் பெரியவர்கள் காதுக்கு எட்டாது. நாய்க்குட்டிக்கும் சில குழந்தைகளுக்கும் கேட்குமாம். அவசரமாக அதைப் பிடுங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"இப்பக் கொறைஞ்சிருச்சாம்மா?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "இல்லப்பா. இன்னும் ஜாஸ்தியாயிருச்சு."

உள்ளங்கையில் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. சத்தமில்லாமல் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அவளுடைய செருப்பை எடுத்து வைத்தார்.

"ஆமாம்மா" என்றார். "எனக்கும் கேக்குது."