மாவு ஒட்டிய கை

பண்ணை வீட்டு வாசலைத் தாண்டும்போது ஏழு வயது ரேணு, "அம்மா, நான் போறேன்" என்றாள். அடுத்த பண்ணைக்காரர் அவளைப் பழம் பறிக்க ஏரி நடுவிலிருக்கும் தீவுக்குப் படகில் கூப்பிட்டிருந்தார். சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்த வடிவுக்குப் பகீரென்றது. போயிட்டு வரேன் என்று சொல்லத்தான் எத்தனை தரம் பழக்கியிருப்பாள். இந்த நாட்டுக்கு வந்த இரண்டாவது கோடையிலேயே பிள்ளைக்கு அந்த 'வரேன்' உதிர்ந்துவிட்டது. புறப்பட்ட பிள்ளையைப் பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது. கை கழுவாமல் ஓடினாள்.

"ஏரிக்குத்தானே போறா, விடேன்" என்றான் வேலியோரம் நின்ற புருஷன்.

துறைக்கு வந்தபோது படகு கிளம்பியிருந்தது. தீவுக்கு மேல் வானம் கன்றிப்போய்க் கிடந்தது. நல்லவேளை, ரேணு கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வடிவு வாய்விட்டுக் கூப்பிட்டாள். மோட்டார் இரைச்சலில் குரல் எடுபடவில்லை. மாவு ஒட்டிய கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை மடக்கி மடக்கி அழைத்தாள். வா. வா.

பண்ணைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். தினமும் வேலிக்கு அப்பாலிருந்து இந்த நாட்டு வழக்கப்படி விடைபெறும்போது செய்வதுபோலவே அவரும் விரல்களை மடக்கிக் காட்டிவிட்டு, மோட்டாரை முடுக்கினார்.

ரேணு அவர் கையைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். பிறகு தன் சின்னக் கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை மெல்ல மடக்கினாள்.

அது எந்த ஊர்க் கை என்று தெரியாமல், வடிவு செருப்போடு தண்ணீரில் இறங்கினாள்.