போட்டி மனு

பஞ்சாயத்து போர்டு தேர்தலில் தோல் ஆலை முதலாளி ஷபீ சாயபுவை எதிர்த்து, அவர் நடத்திய பள்ளிக்கூடத்திலேயே வாத்தியாராக இருந்த காசிநாதன் மனு போட்டார். மறுநாளே சாயபு கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விடுமோ என்ற பயத்தோடுதான் காசிநாதன் போனார்.

"எப்பனா வியாபாரம் பண்ணியிருக்கீங்களா வாத்தியாரே?"

"இல்லீங்க."

"எந்த ஆலையிலயாச்சும் பங்கு?"

"இல்லீங்க. வியாபாரிதான் நிக்கணும்னு சட்டம் இல்லீங்களே."

சாயபு ஒரு காகிதத்தை நீட்டினார். காசிநாதன் வாங்கிப் படித்தார். சாயபு தம்முடைய மனுவையே வாபஸ் வாங்குவதாகக் கையெழுத்திட்டிருந்தார்.

"போர்டுல எல்லாரும் ஆலைக்காரங்க. கழிவுத் தண்ணிய பாலாத்துல விடாதேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல, நானும் சொல்லல. இப்போ ஆத்தோரக் கிணத்துத் தண்ணி குடிச்சு என் பேத்தி படுத்துட்டா. நீங்க போய்ச் சொல்லுங்க."